பன்னிரண்டு படுக்கைகள்

1923ஆம் ஆண்டு. சென்னையில் ஓர் இளம்பெண் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டு வந்தார். அதைச் சீதபேதி என்று கருதிய மருத்துவர்கள் அதற்குரிய மருந்துகளையே கொடுத்து வந்தனர். நோய் தணியவில்லை, உடல்தான் மெலிந்துகொண்டே போனது. உண்மையில் அவருடைய மலக்குடலில் புற்றுநோய் வளர்ந்திருந்தது. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. அவர் பட்ட வேதனையை அருகிலிருந்து பார்த்தவர் அவருடைய அக்காள். அக்காளும் மருத்துவர்தான். மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற துயரம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அந்த அக்காள்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வராகப் பணியாற்றியவர். தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். இசையையும் நடனத்தையும் பேணி வளர்த்த அக்குலத்துப் பெண்களைச் சமூகம் கோயிலில் போற்றியது, தெருவில் இகழ்ந்தது. இந்த முரண்பாட்டின் வலியைச் சிறு வயதிலிருந்தே உணர்ந்தவர் முத்துலட்சுமி.

பூப்பெய்திய பெண்களைப் பள்ளிக்கு அனுப்பாத காலம் அது. அவருடைய படிப்பும் வீட்டோடு தொடர்ந்தது. மெட்ரிக்குலேஷன் தேர்வில் தேறிய பிறகு, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி அது. ஒரு பெண் உள்ளே வந்தால் மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் சிலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். ஒரு திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டாலும் தேர்வில் பின்தங்காத மாணவி அவர். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். பெண்களுக்கு ஏற்றது மகப்பேற்று மருத்துவம் மட்டுமே என்று பலரும் எண்ணியிருந்த அந்நாளில், அறுவை மருத்துவத்திலும் சிறந்து விளங்கினார்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களில் குறுக்கிடக் கூடாது என்று திருமணத்திற்கு முன்பே அவர் நிபந்தனை விதித்ததாகச் சொல்வார்கள். சுந்தர ரெட்டி அதற்கு இசைந்தார். இறுதிவரை வாக்கையும் காப்பாற்றினார். மனைவி பொதுவாழ்வில் ஈடுபட்டபோதெல்லாம் அவர் உறுதுணையாக நின்றிருக்காவிட்டால், இந்த வரலாற்றின் பாதி நடந்திருக்காது.

தங்கையின் மரணத்திற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1925இல், உயர்பயிற்சிக்காக முத்துலட்சுமி லண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிப் படிப்பதே பயணத்தின் நோக்கம். ஆனால், அவருடைய கால்கள் அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையையும் தேடிச் சென்றன. புற்றுநோய் என்ற ஒரே நோய்க்காக ஒரு மருத்துவமனை இயங்குவதையும், அங்கே அறுவைச் சிகிச்சையோடு ரேடியமும் எக்ஸ்ரே கதிரும் பயன்படுவதையும் அவர் கண்டார். சென்னையிலும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அப்போது உறுதிப்பட்டது.

சிங்கப்பூரில் அதே காலத்தில் நடந்த ஒன்றை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிராங்கூன் சாலைக்கு அருகே, கண்டாங் கெர்பாவில், 1924இல் 30 படுக்கைகள் கொண்ட இலவச மகப்பேற்று மருத்துவமனை திறக்கப்பட்டது. அதுவே இன்று கேகே மகளிர், சிறார் மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்குத் தனி மருத்துவமனை தேவை என்பதை எந்த அரசாங்கமும் எளிதில் ஏற்றுக்கொண்டது. பிறக்கப்போகும் உயிருக்காகச் செலவு செய்வதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை என்றபோதுதான் நெற்றிகள் சுருங்கின. புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், அவர்களுக்காக ஏன் பணத்தைச் செலவிட வேண்டும் என்று பதவியில் இருந்தவர்களே கேட்டார்கள்.

அந்தக் கேள்வியைக் கொடூரமானது என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அன்றைய மருத்துவத்தின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புற்றுநோய் ஓர் உறுப்பில் தோன்றி அங்கேயே நிற்பதில்லை. அதன் உயிரணுக்கள் இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் கல்லீரல், நுரையீரல், எலும்பு என்று வேறு உறுப்புகளுக்குப் பரவும். மார்பில் இருந்த கட்டியை வெற்றிகரமாக அகற்றிய பின்னும், முதுகெலும்பில் குடியேறிவிட்ட சில அணுக்கள் மெல்ல வளர்ந்து நோயாளியின் உயிரைப் பறித்துவிடும். நோய் ஓரிடத்தில் இருக்கிறதா, பரவிவிட்டதா என்பதைத் தெரிந்துகொள்ள அந்நாள் மருத்துவர்களிடம் இருந்தவை தொட்டுப் பார்க்கும் விரல்கள், வெட்டிப் பார்க்கும் கத்தி, 1895இல் கண்டறியப்பட்ட எக்ஸ்ரே ஆகியவை மட்டுமே. எக்ஸ்ரேயும் எலும்பில் பரவிய நோயைத் தாமதமாகவே காட்டும். எலும்பின் தாதுப்பொருளில் 30 முதல் 50 விழுக்காடு அழிந்த பிறகுதான் படத்தில் மாற்றம் தெளிவாகத் தெரியும். நோயை அவ்வளவு தாமதமாகக் கண்டுபிடித்தால், சிகிச்சை தோற்பதில் வியப்பென்ன?

இதற்கு விடையாக அமையப்போகும் ஒரு கருத்து, முத்துலட்சுமியின் தங்கை இறந்த அதே 1923ஆம் ஆண்டில், உலகின் வேறொரு மூலையில் முளைவிட்டுக்கொண்டிருந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஜார்ஜ் டி ஹெவெசி என்ற ஹங்கேரிய அறிவியலாளர் அவரைச் செடிகளை வைத்து ஆய்வு செய்தார். செடி உறிஞ்சும் நீரில் மிகச் சிறிதளவு கதிரியக்க ஈயத்தைக் கலந்தார். அந்த ஈயம் வேரிலிருந்து தண்டுக்கும் இலைக்கும் எவ்வளவு சென்றது என்பதை, அதிலிருந்து வெளிவந்த கதிர்களை அளந்தே கணக்கிட்டார். கூட்டத்தில் ஒருவர் கையில் மட்டும் விளக்கைக் கொடுத்து அனுப்பினால், அவர் போகும் வழியை இருட்டிலும் தொலைவிலிருந்தே பார்க்கலாம் அல்லவா? அதைப் போன்றதுதான் இந்த முறை. இதற்காக 1943ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபெல் பரிசு ஹெவெசிக்கு வழங்கப்பட்டது. செடியில் தொடங்கிய அந்தத் தேடல் மனித உடலுக்கு வர அதிக காலம் ஆகவில்லை.

இதற்கிடையே முத்துலட்சுமியின் வாழ்க்கை வேறு திசைகளிலும் விரிந்தது. 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்று, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. முழுமையான சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது, 1930இல், பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். இவை ஒவ்வொன்றும் தனி நூலாக எழுதத்தக்கவை. பெரும்பாலோர் அவரை நினைவுகூர்வதும் இவற்றுக்காகவே. ஆயினும், அவர் வாழ்நாளில் மிக நீண்ட காலம் விடாமல் முயன்ற பணி எது என்று பார்த்தால், அது புற்றுநோய் மருத்துவமனைதான்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா 1935இல் நடைபெற்றபோது தம் கனவை அவர் வெளிப்படையாக அறிவித்தார். கேட்டவர்கள் பாராட்டினார்கள், பணம் மட்டும் வரவில்லை. மும்பையில் டாட்டா குடும்பத்தாரின் பொருளுதவியால் 1941இல் ஒரு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. சென்னையில் அப்படிப்பட்ட பெருஞ்செல்வர் எவரும் முன்வரவில்லை. எனவே முத்துலட்சுமி பொதுமக்களிடம் சென்றார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 63 வயது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில், தெரிந்தவர், தெரியாதவர் என்று பாராமல் எல்லாரிடமும் நன்கொடை கேட்டார்.

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவம் பயின்று திரும்பியது அவருக்குப் பெரும் பலமானது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. மருத்துவமனை என்றதும் உயர்ந்த மாடிகளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தொடக்கத்தில் அங்கே இருந்தவை சிறு குடில்களும் 12 படுக்கைகளும்தான். தங்கை இறந்து 31 ஆண்டுகள் கடந்திருந்தன.

மறு ஆண்டு சாந்தா என்ற இளம் மருத்துவர் அங்கே வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு, ஊதியம் உறுதியில்லாத இடத்திற்கு அவர் வந்தது பலருக்கும் புரியவில்லை. அடுத்த 65 ஆண்டுகள் அவர் அந்த வளாகத்தை விட்டுப் போகவே இல்லை. மகசேசே விருது பெற்ற டாக்டர் வி. சாந்தா இவர்தான்.

சிறிய இடமாக இருந்தாலும் அங்கே இருந்தவர்களின் எண்ணம் சிறியதாக இல்லை. அணு ஆற்றல் என்றாலே ஹிரோஷிமாவின் நினைவு வந்து உலகம் அஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. அதே அணு ஆற்றலைக் கொண்டு உயிரைக் காக்கலாம் என்று அடையாற்று மருத்துவர்கள் நம்பினார்கள். கனடாவிலிருந்து கோபால்ட் 60 கருவி ஒன்று வரவழைக்கப்பட்டது. 1957இல் அக்கருவி இயங்கத் தொடங்கியபோது, இந்தியாவிலேயே முதன்முறையாகக் கோபால்ட் கதிர்ச் சிகிச்சை அளித்த இடம் என்ற பெயர் அந்தக் குடில்களுக்குக் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் மும்பைக்கு அருகிலுள்ள டிராம்பேயில் அப்சரா என்ற அணு உலை செயல்படத் தொடங்கியிருந்தது. அத்தகைய உலைகளில் மருத்துவத்துக்குத் தேவையான கதிரியக்க ஐசோடோப்புகளை உருவாக்க முடியும். 1950களின் பிற்பாதியிலேயே அடையாற்றில் அணு மருத்துவமும் கால்பதித்தது.

கோபால்ட் கருவியும் அணு மருத்துவமும் ஒன்றல்ல. கோபால்ட் கருவி வெளியிலிருந்து கதிரைப் பாய்ச்சிக் கட்டியை அழிப்பது. அணு மருத்துவத்தில் கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு உடலுக்குள் செலுத்துவார்கள். அது எங்கே போய்ச் சேருகிறது என்று வெளியிலிருந்து பார்ப்பார்கள். இது ஹெவெசி அவரைச் செடியில் செய்ததேதான்.

புற்றுநோயின் பரவலை இந்த முறையில் கண்டறிந்த தொடக்கக் கால நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. நியூயார்க்கில் ஒருவருக்குத் தைராய்டு சுரப்பி முன்னரே அகற்றப்பட்டிருந்தது. ஆனாலும், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பதற்கான அறிகுறிகள் அவரிடம் காணப்பட்டன. இல்லாத சுரப்பி எப்படிச் சுரக்கும்? தைராய்டு அணுக்கள் அயோடினை விரும்பி ஈர்ப்பவை. எனவே, டாக்டர் சாமுவேல் சைட்லினும் அவருடைய குழுவினரும் நோயாளிக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்துவிட்டு, கதிர்களை எண்ணும் கைகர் கருவியை அவர் உடலருகே கொண்டுசென்றனர். சுரப்பி இருந்த கழுத்திலிருந்து வெகு தொலைவில், எலும்புகளிலும் பிற இடங்களிலும் கருவி கதிர்களைக் காட்டிக்கொடுத்தது. தைராய்டுப் புற்றுநோய் அங்கெல்லாம் பரவி, அங்கிருந்தே சுரந்துகொண்டிருந்தது. 1946இல் வெளியான இந்த ஆய்வு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பரவிய நோயைக் கண்டறிந்த அதே அயோடின், அளவைக் கூட்டிக் கொடுத்தபோது அந்த நோயைத் தாக்கவும் செய்தது.

ஆனால், எல்லாப் புற்றுநோயும் அயோடினை ஈர்ப்பதில்லை. எலும்புகளில் பரவும் மார்பகப் புற்றுநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் வேறு தூதுவர் தேவைப்பட்டார். 1950களின் இறுதியில் அமெரிக்கரான ஹால் ஆங்கர், உடலிலிருந்து வரும் காமாக் கதிர்களைப் படமாக மாற்றும் கேமராவை உருவாக்கினார். டெக்னீசியம் 99எம் என்ற ஐசோடோப்பும் அதே காலக்கட்டத்தில் மருத்துவத்துக்கு வந்தது. அதன் அரை ஆயுட்காலம் ஆறு மணி நேரம். அதாவது, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும். படம் எடுக்கப் போதுமான நேரம் நிலைத்திருக்கும். நோயாளியின் உடலில் நெடுநாள் தங்கித் தீங்கு செய்யாது. அதை எலும்பு ஈர்க்கக்கூடிய பாஸ்பேட் சேர்மத்துடன் இணைக்கும் வழியை 1971இல் கண்டறிந்து வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் சிராக்கியூஸ் நகரில் பணியாற்றிய இருவர். ஒருவர் ஜான் மெக்காஃபி. மற்றொருவர் இந்தியாவில் பிறந்த கோபால் சுப்பிரமணியன்.

இன்று சிங்கப்பூரில் ஊட்ரம் வட்டாரத்திலுள்ள மருத்துவமனையில் எலும்பு ஸ்கேன் எடுக்கச் செல்பவர் இந்த மூன்றின் பயனையும் அனுபவிக்கிறார். காலையில் அவருடைய கை நரம்பில் ஊசி போடுவார்கள். பிறகு இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். எலும்பில் சேராத மருந்து சிறுநீரில் வெளியேறிவிடும். அந்த இடைவேளையில் அவர் வடகிழக்கு ரயில் பாதையில் ஏறித் தேக்காவுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டுக்கூடத் திரும்பலாம். ஊசி போட்டது போலவே தெரியாது. கர்ப்பிணிகளிடமிருந்தும் கைக்குழந்தைகளிடமிருந்தும் சற்று விலகியிருந்தால் போதும். பின்னர்க் கேமராவின் அடியில் அசையாமல் படுத்திருப்பார். புற்றுநோய் எலும்பைத் தாக்கும் இடத்தில், எலும்பு தன்னைத் தானே சீராக்கிக்கொள்ள முயலும். அங்கே பாஸ்பேட் கூடுதலாகச் சேரும். திரையில் அந்த இடம் மட்டும் அடர்த்தியான புள்ளியாகத் தெரியும். எக்ஸ்ரேயில் தெரியச் சில மாதங்கள் ஆகக்கூடிய மாற்றத்தை இந்தப் புள்ளி முன்னதாகவே சொல்லிவிடும்.

புள்ளி தெரிந்தாலே புற்றுநோய் என்று அஞ்சிவிடவும் கூடாது. பழைய எலும்பு முறிவும் மூட்டுவாதமும்கூட அப்படியே தெரியும். அதனால்தான் மருத்துவர்கள் மற்றச் சோதனைகளோடு ஒப்பிட்ட பிறகே முடிவு சொல்கிறார்கள். சர்க்கரையைப் போன்ற பொருளில் கதிரியக்க புளோரினை ஏற்றி, பசியோடு வளரும் புற்றணுக்களைத் தேடும் பெட் ஸ்கேன் பின்னாளில் வந்தது. அந்தப் புளோரினின் அரை ஆயுட்காலம் 110 நிமிடங்கள்தான். அதைச் சைக்கிளோட்ரான் கருவியில் உருவாக்கிய உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். இந்தப் படங்கள் நோயைக் குணப்படுத்துவதில்லை. ஆனால், அறுவைச் சிகிச்சை பயன் தருமா, உடல் முழுவதற்குமான மருந்து வேண்டுமா, வலியைத் தணிப்பதே இனிச் செய்யக்கூடியதா என்பதை முடிவு செய்ய இவையே வழிகாட்டுகின்றன. வீணான அறுவைச் சிகிச்சையின் வேதனையிலிருந்து எத்தனையோ பேரை இவை காப்பாற்றியிருக்கின்றன.

முத்துலட்சுமி அம்மையார் கோபால்ட் கருவி வந்ததைக் கண்டார். அணு மருத்துவம் அடையாற்றில் வேரூன்றியதையும் கண்டார். 1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதை வழங்கியது. வயது எழுபதைத் தாண்டிய பிறகும் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் கடிதங்களை அவர் நிறுத்தவில்லை. பணம் இல்லை என்ற காரணத்தால் எந்த நோயாளியையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். நல்ல சிகிச்சை பெருஞ்செல்வர்களுக்கு மட்டுமே எட்டும் என்றிருந்த நாளில் அந்தப் பிடிவாதம் மருத்துவமனைக்குப் பெரும் சுமையாகவே இருந்திருக்கும். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அந்தச் சுமையை விரும்பியே ஏற்றுக்கொண்டார்கள்.

1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், தம் 82ஆம் பிறந்தநாளுக்கு எட்டு நாள்கள் இருக்கும்போது அவர் காலமானார். சிராக்கியூஸில் பாஸ்பேட் சேர்மம் உருவாக இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அடையாற்றில் பன்னிரண்டாக இருந்த படுக்கைகள் பின்னர் நூற்றுக்கணக்கில் பெருகின. தமிழ்நாட்டு அரசு ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வழங்கும் மகப்பேற்று நிதியுதவித் திட்டம் இன்று அவர் பெயரில் நடைபெறுகிறது. அடையாற்று மருத்துவமனைக்கோ அவர் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. அங்கு வரும் நோயாளிகள் இன்றும் அதைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றே கேட்டுத் தேடி வருகிறார்கள்.